பதில் வராத மணி

என் அண்ணன் சம்பங்கியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லி உடம்பு, கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. ஆனால் காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேருவதற்குள் யாரையாவது அடித்திருப்பான், இல்லாவிட்டால் யாரிடமாவது அடி வாங்கியிருப்பான். கைக்குட்டை போட்டு சீட்டுப் பிடித்து வைத்திருந்த ஒருவனை மண்டையால் மூக்கிலேயே இடித்துவிட்டு, ரத்தம் தெறித்த அடையாள அட்டையோடு அப்படியே ஆபீசுக்குப் போனவன் அவன். வாசலில் செக்யூரிட்டி பதறிப்போய், "சார், ரத்தம்" என்றானாம். "என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினானாம். இதை என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நான் தோசைக் கரண்டியை ஓங்கிய பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான். எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடக்கும்.

எங்கள் நைனா கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸில், ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாயில் மணி அடிக்கிறவராக இருந்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, மணிக் கயிற்றை இழுப்பார். தள்ளி எஞ்சின் வீட்டில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் மணி எத்தனை தடவை அடித்தது என்பதைக் காதில் வாங்கி கேஜை இறக்குவார், ஏற்றுவார். அதில் ஒற்றை மணிக்கு மட்டும் இரண்டு அர்த்தம். கேஜ் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்து. நின்றுகொண்டிருந்தால், ஏற்று. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முழிப்பார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் ஸ்கெலட்டன் லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நைனா வீட்டுக்குள்ளும் அந்தச் சட்டத்தைத்தான் வைத்திருந்தார். முதுகில் ஒரு தட்டு விழுந்தால் ஓடுகிற பிள்ளை நிற்க வேண்டும், உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பெல்ட். அந்தப் பெல்ட்டின் பித்தளைக் கொக்கி போட்ட தழும்பு அண்ணன் தோளில் இன்னும் இருக்கிறது, எனக்குக் காதுக்குப் பின்னால்.

இன்னொரு சட்டமும் உண்டு. டிரைவர் மணியைக் கேட்டதும் அதையே திருப்பி அடித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதில் மணி வராவிட்டால், அடித்தவர் மறுபடி அடிக்கவே கூடாது. ஏனென்றால் முதல் மணி போய்ச் சேர்ந்து கேஜ் நின்றிருக்கலாம், பதில் மட்டும் கேட்காமல் போயிருக்கலாம். இரண்டாவது மணி, மறுமணி என்போம், நின்ற கேஜை ஏற்றிவிடும். அந்த நேரம் ஒருவன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தால் அவன் இரண்டு துண்டு. பதில் வராவிட்டால் ஆளை அனுப்பிக் கேட்க வேண்டும். புதிதாக வந்த ஒருவன் இது தெரியாமல் மறுபடி இழுத்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நைனா அவனை அங்கேயே கீழே தள்ளி, மூக்கெலும்பு உடையும்வரை அடித்தார். அதற்கு மெமோ வாங்கிக்கொண்டு வந்து அன்றைக்குத் திருப்தியாகச் சாப்பிட்டார். சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள், நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டையும் நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை.

இப்படி அடிபட்டு வளர்ந்தவனுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? சாஃப்ட்வேரோடு வருகிற விளக்கக் குறிப்புகளைப் படித்து மதிப்பெண் போடுவது. அதுவும் மனிதர்கள் படிக்கிற குறிப்பு இல்லை. ஏஐ ஏஜென்ட் என்கிறார்களே, ஒரு வேலையைச் சொன்னால் வழிமுறையைத் தானே படித்துத் தெரிந்துகொண்டு தானே செய்து முடிக்குமே, அது படிக்கிற குறிப்பு. அது சரியாகப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதியிருக்கிறார்களா என்று என் அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு விளங்கவில்லை என்றதும் அவன் சொன்னான்: "நீ ஒரு மிஷின் புஸ்தகத்த படிக்கிற. புரியல. இன்னா பண்ணுவ? பக்கத்துல கீறவனாண்ட கேப்ப. இல்லன்னா பயந்துக்கினு சும்மா குந்துவ. அதுக்கு பயமே கெடையாது நளினி. புரியலன்னா அதுவா ஒண்ண நெனச்சிக்கினு செஞ்சிடும். அதனால புஸ்தகத்துல ஓட்ட இருக்கக் கூடாது. ஓட்டய தேடறதுதான் என் வேல."

தேடுவதில் அவன் கெட்டிக்காரன் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஏஜென்டிடம் குறிப்பை மட்டும் கொடுத்து, வேறெதுவும் சொல்லாமல் ஒரு வேலையில் இறக்கிவிடுவான். எங்கே திணறுகிறது, எங்கே இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது, ஆபத்தான காரியத்தைச் செய்யும் முன் ஒரு வார்த்தை கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு கடை சாஃப்ட்வேரில் ஒரு கட்டளைக்கு "தேவையற்றவற்றை நீக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தார்களாம். ஏஜென்ட் வாடிக்கையாளர் பெயர்கள் மொத்தத்தையும் துடைத்துப் போட்டுவிட்டது. "எவனுக்குத் தேவையில்லாதது? உங்க அப்பனுக்கா?" என்று அண்ணன் அறிக்கையிலேயே எழுதிவிட்டான். அவன் மேலாளர் ஸ்வாதி என்கிற பெண் அதையெல்லாம் மரியாதையான இங்கிலீஷாக மாற்றி அனுப்புவாள். பாவம், அவள் சம்பளத்தில் பாதி என் அண்ணன் வாயைக் கழுவுவதற்குத்தான்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் பளு தூக்கும் இயந்திரங்களை ஏஜென்ட் மூலம் ஓட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் அவன் கைக்கு வந்தது. அதன் குறிப்பில் முக்கியமான கட்டளைக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தது. ஒரு பல்ஸ், அதாவது ஒரு சிக்னல், அனுப்பு. ஓடுகிற சுமை நிற்கும், நிற்கிற சுமை ஏறும். அண்ணன் அதைப் படித்துவிட்டு அன்று மாலை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். "நைனா எழுதின மாதிரியே கீது நளினி! நம்ம மணிதான். இவ்ளோ சுத்தமா ஒரு வரிய நான் பாத்ததே இல்ல" என்றான். முகமெல்லாம் பல்லாக அவனை நான் பார்ப்பது அபூர்வம். ஏஜென்டை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டான். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியது, ஏற்றச் சொன்னால் ஏற்றியது. அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் போட்டான்.

என் வீட்டுக்காரர் மனோகர் பேத்தமங்களா ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலையில் வேலை செய்கிறார். முதலாளி சுதர்சன், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் அதே சாஃப்ட்வேரைத் தன் கிரேனுக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் அண்ணனிடம் கேட்டார். "கண்ண மூடிக்கினு வாங்கிப் போடச் சொல்லு மாப்ள. நான் பாத்தது" என்றான் அண்ணன். சுதர்சன் வாங்கிப் போட்டார். அதுவரை லீவரைப் பிடித்துக் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்த இவர், திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஏஜென்டிடம் வாயால் சொல்கிற ஆளானார்.

மழை பிடித்துக்கொண்டதும் ஆலையில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. அன்றைக்கு ஒரு பெரிய கல் பலகையைத் தூக்கும்போது ஒரு பக்கச் சங்கிலி நழுவியது. பலகைக்குப் பக்கத்தில் நின்று சங்கிலியைப் பார்த்துக்கொள்கிற வேலை வின்னிக்கு. மைசூர் மைன்ஸ் லைன் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நிறுத்துண்ணா!" என்று கத்தினான். இவர் ஏஜென்டிடம் நிறுத்தச் சொன்னார். பலகை நின்றது. வின்னி சங்கிலியைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டான். நெட் இழுக்கும்போது திரையில் வருமே, அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பலகை ஏறியது.

சங்கிலிக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் முன்கை ஆலைக் கரும்பு மாதிரி நசுங்கியது. பலகை அவனைக் கையோடு சேர்த்துத் தூக்கியது. கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இவர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்பு ஸ்விட்சை அறைந்து கரண்டை நிறுத்தினார். எல்லாம் நின்றது, பலகையும் நின்றது, வின்னியும் அதிலேயே தொங்கினான். இறக்குவதற்குக் கரண்ட் வேண்டும், கரண்டைப் போட்டால் மறுபடி ஏறிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். கீழே இருந்து இரண்டு பேர் அவன் தொடையைக் கட்டிப்பிடித்துத் தாங்கிக்கொள்ள, கேஸ் கட்டர் கொண்டுவந்து சங்கிலியை அறுத்தார்கள். வெட்டுகிற சூட்டில் அவன் தோள் வெந்தது. அவன் கத்தின கத்தல் அடங்கிப் போன பிறகுதான் இவருக்குப் பயம் அதிகமானதாம். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

சுதர்சன் போலீசில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மனோகர் பதற்றத்தில் "ஏத்து" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். சாஃப்ட்வேர் நல்ல மதிப்பெண் வாங்கினது, அது தப்புப் பண்ணாது, ஆள்தான் பண்ணியிருப்பான்.

ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வின்னியின் அண்ணன் ராஜ்குமார் என் வீட்டுக்காரரைப் பிடித்தான். அவனோடு லைன் ஆட்கள் வேறு. இவரைத் தரையில் போட்டு மிதித்தார்கள். நான் நடுவில் விழுந்தேன், என் முடியைப் பிடித்து இழுத்து ஓரமாக எறிந்தார்கள். ஒருவன் இவர் வலது கையை இழுத்துப் படிக்கட்டு விளிம்பில் வைத்தான். இன்னொருவன் கல்லைத் தேடினான். வார்டு ஆட்களும் நர்சுகளும் கூச்சல் போட்டு வந்திராவிட்டால் அன்றைக்கே கை போயிருக்கும். போகும்போது ராஜ்குமார் என்னைப் பார்த்துச் சொன்னான்: "போலீசு வச்சிக்கினா வச்சிக்கட்டும். என்னைக்கி வெளிய வந்தாலும் அந்தக் கைய எடுப்போம். எழுதி வச்சிக்கோ." அவன் சும்மா சொல்கிற ஆள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இவரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போலீஸ் வந்து கூட்டிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் அண்ணன் வந்தான். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. என்ன இருந்தாலும் அடிதடிக்கு அவனை விட்டால் எனக்கு யார்? கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய், ஏற்கெனவே வீங்கிக் கிடந்த இவர் தாடையில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

"ரெண்டு தரம் சொன்னியாடா? சொல்றா! அந்த வரி கண்ணாடி மாதிரி கீது. அதுல எவனும் தப்பு பண்ண முடியாது. நீ இன்னா சொன்ன அதாண்ட?"

"ஒரே தரம்தான் மச்சான். 'நிறுத்து'ன்னு ஒரே தரம்."

"பொய் சொல்ற!" மறுபடி குத்தினான். இவர் வாயிலிருந்து பல்லோடு ரத்தம் வந்தது. நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டேன். சத்தியமாக அவன் மண்டையில் போட்டிருப்பேன். என் புருஷன் தரையில் கிடக்கிறார், ஊரே அவரை அடித்தது போதாதென்று இவனும் அடிக்கிறான். எதற்கு? தான் போட்ட மதிப்பெண்ணைக் காப்பாற்ற. அந்த நிமிஷம் அவன் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

இவர் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நின்னுது மச்சான். நான் சொன்னதும் நின்னுது. ஆனா பதிலே வரல. வட்டம் சுத்திக்கினே இருந்துச்சி. அப்புறம் அதுவா ஏறிச்சி."

அண்ணன் மூன்றாவது குத்துக்குக் கையைப் பின்னால் இழுத்திருந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"பதில் வரலயா?"

"வரல."

அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பதில் வராத மணி என்றால் என்னவென்று எங்கள் இருவர் தோலிலும் எழுதியிருக்கிறது. அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"மறுமணி அடிக்கக் கூடாதுன்னு அதுல எழுதல நளினி. எழுதவே இல்ல. எழுதினதா நான் படிச்சிட்டேன்."

இவரைப் போலீஸ் கூட்டிப்போன பிறகு, அவன் என் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பை வைத்து அந்தச் சோதனையை மறுபடி நடத்தினான். திரையில் பொம்மை மாதிரி ஒரு கிரேன், அதில் ஒரு சுமை. ஏஜென்டை நிறுத்தச் சொன்னான். சுமை நின்ற அந்த நொடியில் நெட்டைத் துண்டித்து, சற்று விட்டு மறுபடி கொடுத்தான். பதில் கிடைக்காத ஏஜென்ட், கட்டளை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று அதுவாக நினைத்துக்கொண்டு, அதே பல்ஸை மறுபடி அனுப்பியது. நின்ற சுமை ஏறியது. மறுபடி செய்தான், மறுபடி ஏறியது. ஏஜென்டின் பேரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது அவற்றுக்குப் பழக்கமாம், கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதை யாரும் பெல்ட்டால் அடித்து வளர்க்கவில்லை. வேறு ஊர்க்காரன் எவனாவது அந்த வரியைப் படித்திருந்தால், ஒரு கட்டளைக்கு எப்படி இரண்டு அர்த்தம் என்று முதலிலேயே சண்டை பிடித்திருப்பான். எங்கள் லைனில் பிறந்தவனுக்குத்தான் அது அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

அவன் மேசையில் தன் நெற்றியை இடித்துக்கொண்டான். மெதுவாக இல்லை, ரயிலில் அடுத்தவன் மூக்கில் இடிப்பானே, அப்படி. கண்ணாடி உடைந்து புருவத்தில் குத்தியது. நான் தடுக்கவில்லை. அழுகையும் வரவில்லை. "என் வீட்டுக்காரர எப்ப வெளிய கொண்டாருவ?" என்று மட்டும் கேட்டேன்.

ஸ்வாதிக்குப் போன் போட்டான். அவள் பதறிவிட்டாள். "சம்பங்கி, ப்ளீஸ், இதுல தலையிடாதீங்க. நாம டாக்குமென்டுக்குத்தான் மார்க் போட்டோம், கிரேனுக்கு இல்ல. லீகல் டீம் பாத்துக்குவாங்க. நீங்க எங்கயும் எதுவும் பேசக் கூடாது." அவள் கெட்டவள் இல்லை, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள். அண்ணன் அவளைத் திட்டக்கூட இல்லை. "நீ நல்லா இரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பத்து நாள் அலைந்துதான் இன்ஸ்பெக்டரைப் பார்க்க முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அவர் முன்னால் லேப்டாப்பைத் திறந்து அதையே செய்து காட்டினான். சுமை நின்றதையும், யாரும் வாயைத் திறக்காமலே அது ஏறியதையும் அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"அல்லப்பா, அப்ப நான் யார அரெஸ்ட் பண்றது? இந்தக் கம்ப்யூட்டரயா?"

"என் பேர எழுதிக்கோங்க சார். இது சரியா கீதுன்னு சொன்னவன் நான்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"எழுதிக்கோங்க சார்."

அவர் எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வா என்று அண்ணனை அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் மறுநாள் வெளியே வந்தார், ஊரில் யாரும் அவரைத் தொடவில்லை. அண்ணனுக்கு வேலை போனது. அந்தக் குறிப்பில் இப்போது, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாதே, ஆளைக் கேள் என்று சேர்த்திருக்கிறார்களாம். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வின்னி வீட்டு வாசலில் நடந்ததைச் சொன்ன பிறகு எனக்கு வேறு எதையும் சொல்ல வராது.

ஸ்டேஷனிலிருந்து அண்ணன் நேராக அங்கேதான் போனான். அதற்குள் வின்னியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போலீஸ் விட்டால் மட்டும் போதாது, ராஜ்குமாரும் விட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நானும் கூடவே போனேன். வெயில் ஏறியிருந்தது. லைன் முழுக்க ஆட்கள் வெளியே இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வின்னியின் மனைவி மமதா எழுந்து உள்ளே போய்விட்டாள். ராஜ்குமார் முன்னால் வந்தான்.

"இன்னா, தங்கச்சி புருஷனுக்குப் பஞ்சாயத்து பேச வந்தியா?"

"இல்ல ராஜ்குமாரு. மனோகரு 'நிறுத்து'ன்னுதான் சொன்னான். அது நிறுத்திச்சி. பதில் வரல. அது மறுமணி அடிச்சிடுச்சி."

வேறெங்கேயாவது என்றால் இதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரின் அப்பனும் தாத்தாவும் அந்தக் கேஜில் போய் வந்தவர்கள். ஒரு கிழவர் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"மறுமணி அடிக்கக் கூடாதுன்னு அதுக்கு எவன் சொல்லணும்?" என்று கேட்டான் ராஜ்குமார்.

"புஸ்தகத்துல எழுதியிருக்கணும். எழுதல. எழுதலன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேல. என் மண்டையில இருந்துச்சி, அதனால அதுலயும் இருக்குதுன்னு நெனச்சிட்டேன். நல்லா கீதுன்னு சொன்னேன். வின்னி மொதலாளி அத வாங்கினதும் நான் சொல்லித்தான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "வின்னி கை என்னால போச்சி. மனோகர விட்டுடு."

முதல் அடி காதில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். அண்ணன் தன் இடது கையால் வலது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டான். அவனை எனக்குத் தெரியும். அப்படிப் பிடிக்காவிட்டால் அந்தக் கை தானாக எழுந்துவிடும், வாழ்நாளில் ஓர் அடியையும் அவன் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. ராஜ்குமார் ஒரு விறகுக் கட்டையை எடுத்துக் காலில் போட்டான். அண்ணன் முட்டி மடங்கி விழுந்தான். விலாவில் உதைத்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். என்னை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "வராத நளினி, வராத" என்று அண்ணனே கத்தினான்.

ராஜ்குமார் அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்: "வின்னி! வாடா வெளிய. உன் கைய எடுத்தவன் இவன்தான். வந்து போடுறா."

வின்னி வந்தான். அத்தனை சின்னப் பையன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சட்டையின் ஒரு பக்கம் காலியாகத் தொங்கியது. நிலைப்படியில் மமதா அவனைப் பின்னாலிருந்து இழுத்தாள், உதறிவிட்டு வந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் திருப்பி, முழு பலத்தோடு வலது கையால் ஓங்கி அடித்தான்.

அங்கே கை இல்லை. கட்டுப் போட்ட குறைக் கை மட்டும் அண்ணன் மூக்குக்கு ரொம்ப முன்னாலேயே வெறும் காற்றில் போய் வந்தது. போன வேகத்தில் வின்னி தள்ளாடி விழப் போனான். நிமிர்ந்து, தன் காலிச் சட்டைக் கையைப் பார்த்தான். ராஜ்குமார் பிடித்திருந்த முடியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்புறம் வின்னி இடது கையால் அடித்தான். வலுவே இல்லாத அடி. கன்னத்தில் விழ வேண்டியது தோளில் விழுந்தது. மறுபடி அடித்தான், அது தலைக்கு மேலே போனது. யாரும் தடுக்கவில்லை, அவனும் நிறுத்தவில்லை. விக்கி விக்கி அழுதுகொண்டே அடித்தான். இடது கையால் அடிக்க அவனுக்கு இன்னும் வரவில்லை, பாதி அடி காற்றில்தான் போனது. மண்ணில் முட்டி போட்டிருந்த என் அண்ணன், உடைந்த விலாவோடு ஒவ்வொரு தடவையும் நகர்ந்து நகர்ந்து, அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி முகத்தைக் கொண்டுபோய்க் காட்டினான்.